அக்டோபர் வரட்டும், மாமா

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு பொருள்கள் மிஞ்சிக் கிடந்தன. ஒன்று, அக்காள் மகள் அச்சிட்டு எடுத்துவந்திருந்த கல்விக் கடன் கணக்கு. மற்றொன்று, கீரைக் கட்டைச் சுற்றியிருந்த நெகிழி உறை. அந்த உறையில் பச்சை எழுத்தில் ‘ஆர்கானிக்’ என்று ஒரு சொல், பக்கத்தில் ஓர் இலைப் படம். அவ்வளவுதான்.

அக்காள் மகள் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து போய்வருகிறாள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. “அதைக் கொண்டு கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடேன்” என்றேன்.

“அக்டோபர் வரட்டும், மாமா. பட்ஜெட்டில் தள்ளுபடி அறிவித்தாலும் அறிவிப்பார்கள்.”

என் மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தக் கட்டு ஆறு வெள்ளி. அடுத்த மேசையில் இருந்த கட்டு இரண்டு வெள்ளி. இரண்டும் ஒரே லாரியிலிருந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு எதற்கு வாங்கினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.”

நான் கேட்கவில்லை. முப்பது வருடமாகச் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். கடன் புலம்பலும் கீரைப் புலம்பலும் வேறு வேறு வீட்டுக் கதைகள் போலத் தெரியலாம். பேரேட்டில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் விழும். ஒழுங்காகக் கட்டுகிற கடன்காரனும் ஒழுங்காகப் பயிரிடுகிற விவசாயியும், ஒழுங்கில்லாதவனின் செலவில் ஒரு பங்கைத் தங்கள் தலையில் சுமக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

கடனிலிருந்து தொடங்குகிறேன். பிடிபிடிஎன் என்று எல்லாரும் சொல்லும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கான சட்டம் வந்திருந்தது. கல்லூரிகள் பெருகின, கட்டணமும் பெருகியது, அந்தக் கட்டணத்தைக் கட்டப் பிள்ளைகளுக்குப் பணம் வேண்டியிருந்தது. கழகம் தன் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுப்பதில்லை. அரசாங்க உத்தரவாதத்தோடு வெளியே கடன் திரட்டி, அதை மாணவர்களுக்குக் கொடுக்கிறது. முன்னே படித்தவன் திருப்பிக் கட்டுவது பின்னே படிக்க வருபவனுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. குடும்பத்தில் மூத்தவன் போட்டுக் கழற்றிய பள்ளிச் சீருடை இளையவனுக்குப் போவதுபோல. மூத்தவன் சட்டையைத் திருப்பித் தராவிட்டால், இளையவனுக்காக வேறு யாரோ துணி வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த யாரோ, வரி கட்டுகிற எல்லாரும்.

இந்தக் கடன் தமிழ்க் குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகவே கனக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குக் குறுக்கு வழியான மெட்ரிகுலேஷன் என்ற முன்பல்கலைக்கழகப் படிப்பில் பூமிபுத்திராக்களுக்கு (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும்) 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கீடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தினார்கள், பங்கீட்டைத் தொடவில்லை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் பத்து ‘ஏ’யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் உண்டு என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது. எட்டு ‘ஏ’ எடுத்த பிள்ளை என்ன செய்யும்? ஆறாம் படிவத்தில் சேர்ந்து எஸ்டிபிஎம் தேர்வு என்ற மலையில் ஏறும், அல்லது தனியார் கல்லூரிக்குப் போகும். அங்கே கட்டணம் முழுவதையும் கடன் தாங்காது. மீதிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். ஆக, பட்டம் வாங்கி வெளியே வரும்போது பிள்ளைக்கு இரண்டு கடன்கள். ஒன்று கழகத்தின் ஏட்டில், இன்னொன்று அம்மாவின் கழுத்தில். முதல் சம்பளத்தில் எதை முதலில் மீட்பார்கள் என்று தமிழ் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி விதிகள். பழைய கடன்களுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் இருந்தது. 2008இல் உஜ்ரா என்ற இஸ்லாமியச் சேவைக் கட்டண முறை வந்து அது 1 விழுக்காடாக இறங்கியது. படிப்பு முடிந்த ஆறு மாதத்தில் கட்டத் தொடங்க வேண்டும் என்றிருந்தது பன்னிரண்டு மாதமாக நீண்டது. கட்டாதவர்களின் பெயர் குடிநுழைவுத் துறையின் பட்டியலில் ஏறி, விமான நிலையம்வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. 2018 மே தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி, மாதம் 4,000 வெள்ளி சம்பளம் வந்தபிறகு கட்டினால் போதும் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிக்கொடுத்தது. ஆட்சிக்கு வந்ததும் ஜூனில் பயணத் தடைப் பட்டியலிலிருந்து நான்கு லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், 2,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களிடம் சம்பளத்தில் 2 முதல் 15 விழுக்காடுவரை பிடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. சில நாள்களிலேயே அதைத் தள்ளிவைத்தார்கள். பயணத் தடையைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சும் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது.

இந்தப் போக்கைப் பார்த்த ஒரு கடனாளி என்ன பாடம் கற்றுக்கொள்வான்? விதி என்பது வானிலை அறிக்கை மாதிரி. இன்றைக்கு மழை என்றால் நாளைக்கு வெயில் வரும். குடையைத் தேடி ஓடாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் போதும். 2,000 வெள்ளியில் பிடிப்பது சரியா, 4,000 வெள்ளியில் பிடிப்பது சரியா என்று பொருளாதாரக்காரர்கள் வாதிடலாம். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு எண்களையும் கேட்டவன் மூன்றாவது எண்ணுக்காகக் காத்திருப்பான்.

தள்ளுபடிக் கணக்குதான் இதில் எனக்குச் சுவையானது. 2013 பட்ஜெட்டில், முழுக் கடனையும் ஒரே முறையில் அடைப்பவர்களுக்கு 20 விழுக்காடு, தவறாமல் மாதந்தோறும் கட்டுபவர்களுக்கு 10 விழுக்காடு என்று அறிவித்தார்கள். 2022 பட்ஜெட்டில் முழுவதும் அடைத்தால் 15 விழுக்காடு. 2023 மார்ச் முதல் மே வரை மறுபடி 20. அறிவிப்புகள் பெரும்பாலும் பட்ஜெட்டோடு வருகின்றன. பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வருகிறது. அக்காள் மகள் சொன்ன ‘அக்டோபர்’ எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நம் ஊரில் துணிக்கடைகள் தீபாவளிக்கு முந்திய வாரம் விலையைக் குறைக்கும் என்று தெரிந்தவர்கள் ஆகஸ்டில் சேலை வாங்குவதில்லை.

இந்தத் தள்ளுபடி எதன்மேல் கணக்கிடப்படுகிறது? மீதமிருக்கும் கடன்மேல். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு தோழிகள், இருவருக்கும் 20,000 வெள்ளி கடன். முதலாமவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதமும் தவறாமல் கட்டி, மீதத்தை 4,000க்குக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டாமவள் ஒரு காசும் கட்டவில்லை. கட்டணத்தையும் நிலுவையையும் கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒதுக்கிவைக்கிறேன். 20 விழுக்காடு தள்ளுபடி வருகிறது. முதலாமவளுக்கு 800 வெள்ளி மிச்சம். இரண்டாமவளுக்கு 4,000 வெள்ளி மிச்சம். அதாவது ஒருத்தியின் ஒழுங்குக்கு, இன்னொருத்தியின் ஒழுங்கின்மைக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் விலை. இதை யாரும் தீய எண்ணத்தோடு வடிவமைக்கவில்லை. வராக் கடனை வைத்துக்கொண்டு விழிக்கும் எந்த வங்கியும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்ளத்தான் பார்க்கும். அதைப் பத்து ஆண்டுகளில் பலமுறை செய்தால், விட்டுக்கொடுப்பதே விதியாகிவிடுகிறது, விதி விதிவிலக்காகிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே முறையில் அடைக்கப் பணம் யாரிடம் இருக்கும்? அப்பா வீடு விற்றவனிடம் இருக்கும், நல்ல இடத்தில் திருமணம் ஆனவளிடம் இருக்கும். பிறை நகரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தம்பியையும் படிக்கவைப்பவன் மாதாமாதம்தான் கட்ட முடியும். 2013இன் தராசில் முன்னவர்களுக்கு 20, பின்னவனுக்கு 10. என்னைக் கேட்டால் அந்த இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டிருப்பேன்.

காத்திருப்பதற்கு இன்னொரு கணக்கும் துணை நிற்கிறது. கடனுக்கு 1 விழுக்காடு உஜ்ரா. ஊழியர் சேமநிதி 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த ஈவு 6.3 விழுக்காடு. கையில் உள்ள பணத்தைக் கடனில் போடுவதைவிடச் சேமநிதியில் விருப்பத் தொகையாகப் போட்டால் லாபம் என்று எந்தக் கணக்காளனும் சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன், வாடிக்கையாளர்களிடம். அக்காள் மகளிடம் சொல்ல மட்டும் நா எழவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. கடனைத் தவணை தவறவிட்டால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் தெரியும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி முகம் சுளிக்கும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் தவணை தவறவிடுபவள் இல்லை. முன்கூட்டி அடைக்க மறுப்பவள். இரண்டும் வேறு.

வேறு நாடுகளில் எப்படி என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவைக் காட்டுவார்கள். அங்கே 1989இலிருந்து, படித்தவனின் வருமானம் ஓர் எல்லையைத் தாண்டியபிறகுதான் கடன் திரும்பத் தொடங்குகிறது. அதையும் வரித்துறையே வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சம்பளம் குறைந்தால் தவணையும் தானாகக் குறையும். தொலைபேசி மிரட்டல் இல்லை, பட்டியல் இல்லை. நம் நாட்டில் 2018 டிசம்பரில் செய்யப் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். கொண்டுவந்த விதம்தான் கோணல். சம்பளச் சீட்டு இல்லாமல், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் பட்டதாரியிடம் எந்தச் சம்பளத்தில் பிடிப்பது என்ற கேள்வி வேறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் எல்லாம் பாலும் தேனுமாக இல்லை. 2025இல் எல்லாக் கல்விக் கடன் மீதங்களிலும் 20 விழுக்காட்டை அரசு ஒரே வெட்டாக வெட்டியது. அதற்கு முந்திய வருடம்தான் முழுவதும் அடைத்து முடித்தவனுக்கு அதில் கிடைத்தது சுழியம். நம் இரு தோழிகளின் கதை கடல் தாண்டியும் நடக்கிறது.

கடனை இங்கே நிறுத்திவிட்டுக் கீரைக்கு வருகிறேன்.

பினாங்குத் தமிழர்களுக்கு இயற்கை விளைச்சல் நேற்று முளைத்த நாகரிகம் இல்லை. மறைந்த எஸ். எம். முகமது இட்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ரசாயன உரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் எதிராகப் பேசிக்கொண்டே இருந்தது. பஞ்சகவ்யம் தயாரிப்பதைத் தமிழ்ப் பள்ளிகள்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கும் முன்னால் எங்களுக்கு ஒரு பாடம் தோட்டத்திலேயே கிடைத்திருந்தது. என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தவர். பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் நாம் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: மருந்து. முதுகில் தொட்டி, முகத்தில் ஒரு துண்டு, காலில் கிழிந்த ரப்பர் காலணி. அவருடைய விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்து மறுபடி கோணலாக முளைத்தவை. சின்ன வயதில் அது பாட்டிகளுக்கு வரும் ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தொட்டிகளில் பலவற்றில் இருந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதற்குத் தடை விதிப்பதாக 2002இல் அரசாங்கம் அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். கடன் விதிகளில் பார்த்த அதே முன்னும் பின்னுமான நடை. இங்கே அதற்கு விலை கொடுத்தது நகமும் நுரையீரலும். ஆகவே ஒரு தமிழ்ப் பெண்மணி ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்கு நான்கு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கும்போது அவளைப் பகட்டுக்காரி என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். அவளுக்குத் தொட்டியைத் தெரியும்.

அவள் வாங்கும் சொல்லுக்கு என்ன பொருள்? மலேசியாவில் அதற்கு ஒரு தரநிலை உண்டு: எம்எஸ் 1529. 2001இல் வந்தது, 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி நடக்கும் பண்ணைகளுக்கு விவசாயத் துறை மைஆர்கானிக் என்ற சான்றிதழைக் கொடுக்கிறது. முன்பு இதற்கு ஸ்கிம் ஆர்கானிக் மலேசியா என்று பெயர். உணவு ஒழுங்குமுறை விதிகள் 1985, உறையில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட வேண்டுமானால் அந்தத் தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. ஏட்டளவில் ஓட்டை இல்லை.

ஓட்டை அலமாரியில் இருக்கிறது. மைஆர்கானிக்குக்குப் பக்கத்திலேயே மைகேப் என்று இன்னொரு முத்திரை இருக்கும். இது நல்ல விவசாய நடைமுறைக்கான சான்று. இதில் பூச்சிமருந்து அடிக்கலாம். எதை, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதற்குத்தான் விதி. மதிக்கத்தக்க சான்றுதான், ஆனால் ஆர்கானிக் இல்லை. இரண்டும் ‘மை’யில் தொடங்குகின்றன, இரண்டும் விவசாயத் துறையிலிருந்து வருகின்றன, கண்ணாடி போடாமல் சந்தைக்குப் போகும் என் வயதுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றே. அடுத்து ‘இயற்கையானது’, ‘பண்ணையிலிருந்து நேரடியாக’, ‘மருந்து இல்லாதது’ என்ற சொற்கள் வரும். இவற்றுக்குப் பின்னால் எந்தப் பரிசோதகரும் நிற்பதில்லை. கடைசியில், அட்டையைக் கிழித்து மார்க்கர் பேனாவால் எழுதிக் கீரைக் குவியலில் செருகிய ‘ஆர்கானிக்’. உறையில்லாத கீரைக்கு உறை எங்கே, பதிவு எண் எங்கே?

லெபோ பாசாரில் மளிகை வாங்கப் போனால் இன்னும் மூன்று முத்திரைகள் சேரும். அமெரிக்காவின் யுஎஸ்டிஏ வட்டம், ஐரோப்பாவின் நட்சத்திர இலை, இந்தியாவிலிருந்து வரும் துவரம் பருப்பில் ஜெய்விக் பாரத். அமெரிக்க, ஐரோப்பிய முத்திரைகளுக்குப் பொருளில் குறைந்தது 95 விழுக்காடு இயற்கை விளைச்சலாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் அரசுத் துறையே இந்தச் சான்றைக் கொடுக்கிறது. அங்கே இதை அங்ககச் சான்று என்பார்கள். நல்ல சொல். ஆனால் பினாங்குக் கடையில் அங்ககம் என்று கேட்டால் பல்பொடியை எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்தச் சான்றுகள் எவையும் பொருளில் மருந்து துளியும் இல்லை என்று சத்தியம் செய்வதில்லை. அவை சான்றளிப்பது விளைவித்த முறைக்கு. செயற்கை மருந்தும் செயற்கை உரமும் மரபணு மாற்றிய விதையும் கூடாது. வேம்பு, கந்தகம், செம்புக் கலவை போன்றவை கட்டுப்பாட்டோடு செல்லும். பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து விழலாம், வாய்க்காலில் கலந்து வரலாம். இது ஏமாற்று இல்லை. சத்து கூடுதலா என்ற வாதத்துக்குள் நான் போவதாக இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, மருந்து எச்சம் காணப்படுவது மட்டும் குறைவு என்றார்கள். எனக்கு அதுவே போதும்.

ஏமாற்று நடக்கும் இடம் வேறு. அமெரிக்காவில் மிசௌரி மாநில விவசாயி ஒருவர் 2010 முதல் 2017 வரை சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஆர்கானிக் என்று விற்றார். தொகை 14 கோடி டாலருக்கும் மேல். 2019இல் பத்தாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் விற்ற தானியம் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போனது. அந்த முட்டையும் இறைச்சியும் ஆர்கானிக் விலையில் தட்டுக்கு வந்தன. அவரிடம் சான்றிதழ் இல்லாமல் இல்லை. சான்று பெற்ற வயல்கள் இருந்தன. அந்த வயல்கள் தரக்கூடியதைவிடப் பல மடங்கு மூட்டைகள் அவற்றின் பெயரில் வெளியே போயின. தாள் மெய், மூட்டை பொய்.

ஒரு கணக்குப்பிள்ளை இதைக் கேட்டால் முதலில் கேட்பது: ஐயா, நிலம் எத்தனை ஏக்கர், விளைச்சல் எவ்வளவு, விற்றது எவ்வளவு? இருப்பைச் சரிபார்க்காமல் வெறும் ரசீதை மட்டும் பார்க்கும் தணிக்கை, தணிக்கையே இல்லை. ஏழு ஆண்டுகள் கடந்தபின் அமெரிக்கர்களுக்கும் இது உறைத்தது. 2024 மார்ச்சில் நடப்புக்கு வந்த புதிய விதிகளில் இந்த வரவு செலவுச் சரிபார்ப்பையும் இறக்குமதிச் சான்றையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இந்தியாவின் கதை நமக்கு இன்னும் பக்கம். 2020இல் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு என்ற கிருமிநீக்கி வாயுவின் எச்சம் பிடிபட்டது. ஆர்கானிக் முத்திரை குத்திய எள்ளும் அதில் இருந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவில் சான்றளிக்கும் ஐந்து நிறுவனங்களின் அங்கீகாரத்தை நீக்கியது. இதனால் ஒழுங்காகப் பயிரிட்ட எள் விவசாயிக்கு என்ன ஆனது? அவனுடைய சான்றும் அந்த நிறுவனம் கொடுத்ததுதானே. அவனும் சேர்ந்தே கதவுக்கு வெளியே நின்றான்.

தோழிகள் கதையை இங்கே திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகப் பயிரிடுபவன் ரசாயனத்தை நிறுத்திய முதல் பருவங்களில் விளைச்சலில் பாதியைப் பூச்சிக்குக் கொடுக்கிறான். பக்கத்துத் தோட்டத்துக்கும் தனக்கும் இடையே கொஞ்சம் நிலத்தைத் தடுப்பாக விடுகிறான். விதை வாங்கிய நாள், எரு போட்ட நாள், வேப்பெண்ணெய் தெளித்த நாள் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதுகிறான். அந்தச் செலவெல்லாம் கீரையின் விலையில் ஏறுகிறது. மார்க்கர் பேனாக்காரனுக்கு ஆகும் செலவு ஒரு பேனா. சந்தையில் இருவரும் ஒரே ஆறு வெள்ளி கேட்கிறார்கள், அல்லது பேனாக்காரன் ஐந்து வெள்ளிக்குத் தருகிறான். வாங்குபவளுக்கு வேறுபாடு தெரியாததால், ஒருமுறை ஏமாந்தவள் இருவரையும் சேர்த்தே ஒதுக்குகிறாள். நல்லவன் நட்டப்பட்டு மறுபடி மருந்துத் தொட்டியை எடுக்கிறான், அல்லது நிலத்தை விற்கிறான்.

வாங்குபவள் என்ன செய்யலாம்? உறையில் பண்ணையின் பெயரும் சான்றின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். முத்திரை மட்டும் இருந்தால் அது படம்தான். எண் இருந்தால் விவசாயத் துறையிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். பொய் விவரணை வர்த்தக விவரணைச் சட்டம் 2011இன்கீழ் குற்றம். நட்டப்பட்டவர் ஐந்து வெள்ளி கட்டணம் கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆறு வெள்ளிக் கீரைக்காக யார் போவார்கள் என்பது வேறு கேள்வி. ஏமாற்றுகிறவனுக்கும் அந்த விடை தெரியும். சான்றைவிட எனக்குப் பிடித்தது பங்கேற்பு உத்தரவாத முறை: விவசாயிகளும் வாங்குபவர்களும் ஒருவர் தோட்டத்தை ஒருவர் சுற்றிப் பார்த்துத் தாங்களே உறுதி சொல்லிக்கொள்வது. பெரிய கடைக்கு இது ஒத்துவராது. பாலிக் பூலாவில் நான்கு பேர் விளைவித்துத் தீவுக்குள்ளேயே விற்பதற்கு ஒத்துவரும்.

கேள்வி கேட்பதற்கு மட்டும் செலவே இல்லை. அடுத்த ஞாயிறு என் மனைவி அதே மேசைக்குப் போய், “தம்பி, இது எந்தத் தோட்டத்துக் கீரை?” என்று கேட்டாள்.

“கேமரன் மலை, ஆன்ட்டி.”

“கேமரன் மலை பெரிய மலையாயிற்றே. எந்தத் தோட்டம்?”

பையன் சிரித்துக்கொண்டே ஒரு கொத்துக் கொத்தமல்லியைச் சும்மா எடுத்துப் பையில் போட்டான். அவள் இரண்டு வெள்ளிக் கட்டை வாங்கிக்கொண்டு வந்து, மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் மூன்று முறை அலசினாள். உள்ளே போன மருந்து அலசினால் போகாது என்று அவளுக்குத் தெரியும். அலசினாள்.

அக்காள் மகளின் கடன் கணக்கு இன்னும் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், காந்தத்தின்கீழ் இருக்கிறது. போகும்போது வேண்டுமென்றே விட்டுப்போனாளோ, மறந்தாளோ தெரியவில்லை. மூலையில் பென்சிலால் இரண்டு தொகைகள்: இப்போது அடைத்தால் ஒன்று, 20 விழுக்காடு கிடைத்தால் மற்றொன்று. வேறுபாட்டைக் கழித்து எழுதி, அதன்கீழ் இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள். அப்படிக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.